தணிகாசலத்துக்குச் சளி

ஷூ கயிற்றைக் கட்டக் காலைத் தூக்கி வைத்ததில் பூங்காவின் குடிநீர்க் குழாய் முறிந்து, தண்ணீர் பொன்னுரங்கத்தின் முகத்திலேயே பீய்ச்சியடித்தது. மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே முந்திக்கொள்வது அவர் வழக்கம்.

"தணிகாசலத்துக்கு வயித்தால போகுதுய்யா" என்றார்.

நடைப்பயிற்சிக் கூட்டம் சிரித்தது. குழாய்த் தூணில் 'தணிகாசலம் நினைவாக' என்று பொறித்திருந்தது. சொட்டினால் தணிகாசலத்துக்குச் சளி, தண்ணீர் வராவிட்டால் தணிகாசலம் லீவு என்று வருடக்கணக்காக அவர் ஓட்டிவந்த வேடிக்கை அது.

எதிர் பெஞ்சில் தினமும் தனியே உட்காரும் அம்மாள் எழுந்து வந்து, முறிந்த குழாயை உள்ளங்கையால் பொத்தினார். புடவை நனைந்தது.

"விடுங்கம்மா, வாட்ச்மேன் வந்து வால்வை மூடட்டும்."

"எங்க வீட்டுக்காரருங்க" என்றார் அவர், கையை எடுக்காமல்.

பொன்னுரங்கம் கைக்குட்டையை எடுத்துக் குழாயில் சுற்றினார்.

"இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க. கோவம் வரலையாம்மா?"

"இன்னும் இறுக்கிப் பிடிங்க."

வாட்ச்மேன் வந்து வால்வை மூடி, தண்ணீர் நின்ற பிறகு பொன்னுரங்கம் மறுபடியும் கேட்டார்.

"வந்துச்சு" என்றார் அந்த அம்மாள், முந்தானையைப் பிழிந்தபடி. "ஆனா அவர் பேரை இன்னமும் சொல்றது நீங்க ஒருத்தர்தான்."