எலி கடிக்காத வயர்

மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

"எட்டாயிரம் வெள்ளி தம்பி. அதுக்கு மேல வேணாம்," என்றாள் குமுதா.

பவித்ரன் நண்பன் தனேஸ்வரனைப் பார்த்தான். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், மூடிப்போன தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோரில் அந்த மோரிஸ் மைனர் கார் நின்றது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த குமுதாவின் அப்பாவுடைய வண்டி. அவர் இறந்து ஆறு வருடம். அதன்பின் யாரும் ஓட்டவில்லை.

ஈப்போவில் இதே வண்டி இருபதாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது. பவித்ரன் மோட்டார் சைக்கிளை விற்றுப் பன்னிரண்டாயிரம் கொண்டுவந்திருந்தான். அவனிடம் இருந்தது அவ்வளவுதான்.

தனேஸ்வரன் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். ஈப்போவில் பட்டறை வைத்திருப்பவன்.

"மச்சான், இவ்ளோ மலிவா யாரு குடுப்பா? எங்கயோ கோளாறு இருக்கு. ஏமாந்துறாத."

இருவரும் தேடினார்கள். வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருந்த என்ஜின் எண் ஒத்துப்போனது. கதவிடுக்கில் வெள்ளத்தின் சேறு இல்லை. அடிபட்டு நிமிர்த்திய தடம் இல்லை. தனேஸ்வரன் முன்மூடியைத் தூக்கி உள்ளே குனிந்தான்.

சுற்றிலும் செம்பனை. எலிகளுக்குப் பஞ்சமில்லை. இப்படி நிறுத்திய வண்டியின் வயர்களை அவை ஒரே மாதத்தில் தின்று தீர்த்துவிடும். இதில் துணி சுற்றிய பழைய வயர்கள் ஒரு பல் படாமல் இருந்தன. இருக்கைத் தோலும் அப்படியே. பவித்ரன் அதைத் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குடா," என்றான் தனேஸ்வரன். அவன் குரலில் கிண்டல் இல்லை.

எட்டாயிரத்துக்கு வாங்கப் பவித்ரனுக்கு மனம் வரவில்லை. வண்டியின் மதிப்பை அவளிடம் சொன்னான். பன்னிரண்டையும் நீட்டினான். தனேஸ்வரன் அவன் காலை மிதித்தான். குமுதா எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி அவனுக்கே செலவாகும் என்று திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு வெல தெரியாதாக்கா?"

"தெரியும் தம்பி. வந்தவங்க எல்லாருமே சொன்னாங்க. யாரும் வாங்கல."

பவித்ரன் வண்டியின் பின்பக்கம் போய் மூடியில் கை வைத்தான். குமுதா அவன் கையை விலக்கினாள். மூடியை விரலால் மெல்லத் தட்டினாள். சற்றுக் காத்திருந்தாள். பிறகு தூக்கினாள்.

கோணிச் சாக்கின் மேல் சுருண்டு கிடந்த நாகம் படம் விரித்து எழுந்தது.

தனேஸ்வரன் வெளியே ஓடிவிட்டான். பவித்ரனின் கைகள் தாமாகக் குவிந்தன.

"தீயணைப்பு பொம்பாவக் கூப்ட்டுப் பிடிச்சிக் குடுக்க மனசு வரலலா," என்று மூடியை இறக்கினாள் குமுதா. "வெள்ளிக்கிழமையில பால் வைப்பீங்களா தம்பி?"