மொட்டை மாடியில் நின்றது

நைட்டி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பிழிந்தால் சொட்டும்.

மார்கழிப் பனி. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, இவள் மட்டும் மொட்டை மாடியில் ஈரக் கூந்தலை விரித்துப் போட்டு நின்றாள்.

மாதவிலக்கு நின்று எட்டு மாதம். அன்றிலிருந்து ராத்திரிதோறும் இதே கூத்து. யாரோ உடம்புக்குள் அடுப்பு மூட்டுகிறார்கள்.

இந்த வயதில் வருகிற வேர்வைதான் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அதைத் தெருவுக்கு யார் சொல்வது?

எதிர்வீட்டு மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

போன மார்கழியில் பூரணம் அங்கே நின்றாள். இதே வெளிர் நைட்டி. இதே விரித்த கூந்தல். ஜன்னல் வழியே பார்த்தவள் இவள்தான். விடிந்ததும் குழாயடியில் சொன்னவளும் இவள்தான். சும்மா, குடம் நிறைகிற வரைக்கும் ஒரு பேச்சுக்கு.

சாயங்காலத்துக்குள் அது பேயாகிவிட்டது.

மகன்கள் பூரணத்தைப் பேயோட்டக் கூட்டிப்போனார்கள். பதினோரு நாள் வேப்பங்கொத்தால் அடித்தார்களாம். மொட்டையடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதன்பிறகு பூரணம் பேசுவதில்லை.

கீழே சைக்கிள் சத்தம். பால்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கேன் உருண்டது. அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

இவள் சட்டென்று குனிந்தாள். குனிந்தபோதுதான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு முகம். கழுத்தளவு முடி. இமைக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேர்வை அப்படியே சில்லிட்டது.

விடிந்ததும் குழாயடியில் பால்காரர் கதைதான்.

"ஒங்க வீட்டு மாடியிலயாமே?"

எல்லாரும் இவள் முகத்தையே பார்த்தார்கள். இவள் குனிந்து குடத்தை நகர்த்தினாள்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு வருடம் கழித்துப் பூரணம் வாசலைத் தாண்டினாள். நேராக வந்து இவள் பக்கத்தில் நின்றாள்.

சொல்லிவிடுவாள். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு.

பூரணம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நாந்தான் நின்னேன். அங்க காத்து நல்லா வருது."

பூரணத்தின் மருமகள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரி வாசல் கதவையும் அவள்தான் பூட்டியிருந்தாள். முகம் வெளுத்துப் போய், புருஷனுக்குப் போன் போட்டாள்.

குழாயடியில் எல்லாரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

இவளும் நகர்ந்தாள்.