குங்குமம் வைத்த கைப்பிடி

கடலூர் துறைமுகம் சந்திப்பின் கடைசித் தண்டவாளத்தில், மணல் லாரியோடு மோதி முகம் நசுங்கிய சரக்கு ரயில் இன்ஜின் உப்புக்காற்றில் நிற்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டிரைவர் உத்திராபதியிடம் எல்லாரும் சொன்னார்கள். அந்தத் தலைப்பாகை இந்த இன்ஜின்தான். அதைப் பார்க்க வந்த உத்திராபதி இன்ஜின் படியிலேயே நின்றுவிடுகிறார். “சரிபண்ணி உங்க கையிலயே குடுத்துடுறேன் மாமா” என்று சொல்லியிருந்த ஃபிட்டர் கலைமணி, அவர் மனைவியின் தம்பி, உள்ளே ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். “மூஞ்சிதானே மச்சான் நசுங்குச்சு? உள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்குது?” “நல்லா இருக்கறதாலதான் மாமா கழட்டச் சொல்லிட்டாங்க. வேற இன்ஜினுக்கு வேணுமாம்.” அவர் பிடித்து ஓட்டிய கைப்பிடி கழன்று வருகிறது. ஆயுத பூஜைக்கு அவர் வைத்த குங்குமம் அதில் இன்னும் சிவந்திருக்கிறது. கலைமணி நிமிர்ந்து பார்க்காமல், எண்ணெய்த் துணியால் அதை அழுந்தத் துடைக்கிறான்.