மேசைக்கு அடியில் ஒரு பல்பு

"நாம நாய் குடுத்தோமே, காது கேட்காத அந்தத் தையல்காரம்மா, அவங்க வீட்டுல வாசல் மணியோட ஒரு பல்பையும் சேர்த்து மாட்டியிருக்காங்களாம். மணி அடிச்சா பல்பு எரியுமாம். மாட்டிக் குடுத்த எலக்ட்ரீஷியனே நம்ம ஆபீஸ் ஃபேனைப் பார்க்க வந்தப்போ சொல்லிட்டுப் போறான்" என்றார் மேலாளர்.

நாய்களைப் பழக்கும் பயிற்சியாளருக்கு நம்ப முடியவில்லை. "பல்பா? அப்புறம் நாய் எதுக்கு சார்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். காது கேட்காதவங்க முப்பத்தோரு பேர் நம்ம நாய்க்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. இந்தம்மா என்னடான்னா அதுவும் வேணும், இதுவும் வேணும்னு உக்காந்திருக்காங்க. போய்ப் பாரும்மா. நிஜமா இருந்தா நாயைக் கையோட கூட்டிட்டு வந்துடு."

அவள் பழக்கி அனுப்பிய நாய் அது. மணி அடித்தால் ஓடிவந்து மூக்கால் முழங்காலைத் தொட்டு வாசலுக்கு அழைத்துப் போகும். அதைக் கற்றுக்கொடுக்க எட்டு மாசம் அதன் பின்னாலேயே அலைந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினாள். அரை நிமிஷத்தில் கதவு திறந்தது. முன்னால் நாய், பின்னால் கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரம்மா.

"அடடே, நீயா! வா கண்ணு. மாப்பிள்ளை, யாரு வந்திருக்கா பாரு!"

"மாப்பிள்ளையா?"

தையல்காரம்மா அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தாள். "பின்னே? நேரத்துக்குச் சாப்பாடு, நாள் முழுக்க படுக்கை. மணி அடிச்சா மட்டும்தான் துரை எழுந்திரிப்பாரு."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. கண் சுவரெல்லாம் மேய்ந்தது. காலண்டர், கடிகாரம், ஆணியில் தொங்கும் பாவாடை. பல்பைக் காணோம். ஜன்னலோரம் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்ததும் நாயும் தன் இடத்துக்குப் போய்ப் படுத்தது. அதைப் பார்த்துதான் அவளுக்குச் சுருக்கென்றது. பழக்கிய நாய் எப்போதும் வாசலைப் பார்த்துப் படுக்கும். இது வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணி வெட்டும் மேசைக்கு அடியில் இருட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

அங்கே என்ன இருக்கிறது?

குனிந்து பார்த்தாள். துணி மூட்டைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சின்னதாக ஒரு சிவப்பு பல்பு.

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. ஆனால் ஒன்று இடித்தது. மெஷினில் உட்கார்ந்தால் இந்தப் பல்பு கண்ணிலேயே படாதே! தனக்காக மாட்டுகிறவள் இங்கே கொண்டுபோயா மாட்டுவாள்?

பல்பின் பிளக்கை மட்டும் பிடுங்கினாள். நேரே வாசலுக்குப் போய் மணியை அழுத்தினாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நாய் காதைக்கூட ஆட்டவில்லை.

மறுபடி அழுத்தினாள். அது பாட்டுக்குப் படுத்திருந்தது. தற்செயலாகத் திரும்பிய தையல்காரம்மா, மணியில் கை வைத்தபடி நின்றவளைப் பார்த்தாள். பிளக் தரையில் கிடப்பதையும் பார்த்தாள். மெஷின் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

பயிற்சியாளர் அவள் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "எப்பலேர்ந்துக்கா இதுக்குக் காது கேக்கல?"

"போன மழைக்கு ரெண்டு காதுலயும் சீழ் புடிச்சுது. டாக்டர்கிட்ட ஓடினேன். புண்ணு ஆறிச்சு, காது போயிடுச்சு. ஆளுங்க வாசல்ல நின்னு நின்னு, கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வருவாங்க. அவங்களைப் பாத்ததும் இவருக்குத் தெரிஞ்சிடும், நாம தவற விட்டுட்டோம்னு. மூலையில போய் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்குவாரு. நாலு நாள் தட்டைத் தொடல கண்ணு."

"அதுக்கு நீங்களே பல்பு மாட்டிப் பழக்கினீங்களா?"

"நீ செஞ்சதைத்தான் செஞ்சேன். பல்பு எரிஞ்சா என்னைத் தொடணும், தொட்டா பிஸ்கட். பன்னெண்டே நாள். பதிமூணாம் நாள் தட்டைக் காலி பண்ணிட்டு இன்னும் வேணும்னு நிக்கறாரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

தையல்காரம்மா நாயைத் தன் காலோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். "வேலைக்கு ஆகாதுன்னு கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா?"

"ஐயோ அக்கா! உங்களுக்குத் தேவையில்லன்னாதான் திருப்பிக் கேப்போம். அதுக்கு முடியாமப் போனா கடைசி வரைக்கும் உங்ககூடத்தான். சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தையல்காரம்மா அவள் உதட்டையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

இழுத்துப் பிடித்திருந்த கை தளர்ந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பயிற்சியாளருக்கு அப்போதுதான் விதி முழுசாக ஞாபகம் வந்தது. "அதுமட்டுமில்லக்கா. நாய்க்கு முடியாமப் போனா, முதல் உரிமை உங்களுக்குத்தான். நல்லாக் காது கேக்கற புது நாய் ஒண்ணு அடுத்த மாசமே வந்துடும். பல்பெல்லாம் வேண்டாம். எழுதிக்கட்டுமா?"

தையல்காரம்மா அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"அதை அந்த வரிசையில நிக்கறவங்களுக்குக் குடுத்துடு கண்ணு. மணி அடிச்சா, மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்க இன்னொண்ணு வாசலுக்கு ஓடக் கூடாது."