கைராசி டாக்டர்

“உங்க சர்டிபிகேட்டைக் காட்டுங்க, டாக்டர்.”

இதை மட்டும் கேட்கவே கூடாதென்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவர் நிமிரவில்லை. மூக்கொழுகும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டிருந்தார்.

“வெறும் சளி. ஸ்டெத்தைக்கூட வைக்கல. இது எதுக்கு?”

குழந்தையின் தாய் என்னை முறைத்தாள். “அவரு கைராசிக்காரரும்மா. எப்பவும் இதான் தருவாரு. முன்னெல்லாம் உடனே கேட்கும். இப்பதான் கேட்க மாட்டேங்குது.”

“தேவையில்லாம கொடுத்துக் கொடுத்துதான் மருந்து கேட்காமப் போச்சு. அதுக்குக் காரணமே இவர்தான்!”

“வாயை மூடு. ரெண்டு எழுத்து படிச்சுட்டா பெரிய மேதாவியா?” என்று அவர் சீறினார்.

“நம்ம பரம்பரைலயே முதல் பட்டதாரி என் பொண்ணுதான்னு ஊரெல்லாம் பெருமையடிச்சது நீங்கதானேப்பா?”

தாய் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். “அப்ப இவரு படிக்கவே இல்லையா?”

அப்பாவின் பேனா நின்றது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.