இடுப்புக்கு மேலே

பெரியவர்களுக்கான டயப்பர் கம்பெனிக்குச் சுகந்தியேதான் மெயில் அனுப்பினாள். 'எங்கள் யூடியூப் சேனலில் அப்பாவுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். தன் சங்கடத்தை அவரே வாய்விட்டுச் சொன்னால் பார்ப்பவர்கள் கலங்கிவிடுவார்கள்.' கம்பெனிக்கு யோசனை பிடித்துப்போனது. அப்பாவிடம் மட்டும் சட்டை விளம்பரம் என்று சொல்லிவைத்தாள்.

அவர் விடிந்ததும் சவரம் செய்துகொண்டு, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு கட்டிலில் காத்திருந்தார். டயப்பர் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி சுகந்தி கேமராவை ஓடவிட்டாள்.

அப்பா போர்வையை மெல்ல இழுத்து மடியை மூடினார்.

"சட்டை விளம்பரந்தானேம்மா? இடுப்புக்கு மேல மட்டும் எடு கண்ணு. கீழ நனைஞ்சிருச்சு."

நிறுத்தப் போன அவளுடைய விரல் கேமராவைத் தொட்டபடி அப்படியே நின்றது.