கேட்கிறவர்கள் மேசை

"மூணுல ஒரு பங்கு! எத்தனை? மூணுல ஒண்ணு!"

பலகைத் தடுப்பு அதிர்ந்தது. அதில் மாட்டியிருந்த காலண்டர் ஆடி நின்றது. கணக்கு டீச்சர் கையிலிருந்த வண்ண அட்டையை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவு. அங்கே பாடம் நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி சார். இருபத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே கற்பிக்கும் முறை தொண்டை.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். அரையாண்டுப் பரீட்சை மார்க்கோடு தலைமையாசிரியை வருவதாகச் சொல்லியிருந்தார். டீச்சர் வாசலைப் பார்ப்பதும் பிள்ளைகளைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஒரு பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி மண்டையில் ஏறாது. ஒருத்தனுக்குப் பார்த்தால் ஏறும், ஒருத்திக்குக் கேட்டால் ஏறும், இன்னொருத்தனுக்குக் கையால் செய்தால்தான் ஏறும். பன்னிரண்டு கேள்வி கொடுத்து, இருபத்தேழு பேரையும் பிரித்து, வரிசை பெஞ்சைக் கலைத்து மூன்று பெரிய மேசை போட்டாள்.

பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், ஜன்னலோரம் கொடுத்தாள். செய்கிறவர்களுக்குப் பசையும் கத்தரிக்கோலும், கை கழுவ வெளியே ஓட வாசல் பக்கமும். மிச்சம் இருந்தது தடுப்பை ஒட்டிய இடம்தான். கேட்கிறவர்களுக்குப் போயும் போயும் அந்த இடமா என்று அவளுக்கே மனசு ஆறவில்லை.

அதற்கு ஈடாக, அன்றன்றைய பாடத்தைத் தன் குரலிலேயே நிதானமாகப் பதிவு செய்து, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் ஏற்றி, அந்த மேசையில் வைத்தாள். பிள்ளைகளே போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியது. மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாதபடி சத்தம் குறைவு.

அப்போதே தலைமையாசிரியையிடம் போய் நின்றாள்.

"மேடம், நான் பின்னம் ஆரம்பிச்சா அவரும் அன்னைக்கே பின்னம் ஆரம்பிக்கிறார். அந்தக் கத்தல்ல என் பாடம் பிள்ளைங்க காதுல எப்படி விழும்?"

"ரெண்டு பிரிவுக்கும் ஒரே டைம்டேபிள்மா. அவர் மட்டும் என்ன செய்வார்?" தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார். "பரீட்சை வரட்டும். உன் மூணு மேசையில ஒண்ணாவது மார்க் ஏத்திக் காட்டினா அவரை இடம் மாத்துறேன். இல்லேன்னா பழையபடி பெஞ்சை வரிசையாப் போட்டுடு. சம்மதமா?"

"சம்மதம் மேடம்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மற்ற இரண்டு மேசையோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. ஒருத்தன் முடியில் பசை, ஒருத்தி அட்டையைக் கிழித்துவிட்டாள் என்று பஞ்சாயத்து ஓயாது. கேட்கிற மேசை மட்டும் தங்கம். ஒன்பது பேரும் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பீக்கரும் தங்கம். திங்கட்கிழமை ஏற்றிய சார்ஜ் வெள்ளிக்கிழமையும் அப்படியே இருந்தது. நல்ல கம்பெனிச் சரக்கு, வீட்டுக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். எழுந்த பிள்ளைகளைக் கையமர்த்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளைப் பார்த்தார்.

"பார்க்கிற மேசை, போன தடவை என்னவோ அதே. செய்யற மேசை, அதுவும் அதே. ரெண்டு கத்தரிக்கோலைக் காணோம், அதை அப்புறம் பேசிக்கலாம்."

டீச்சர் பழைய பெஞ்சுகளை எந்த அறையில் அடுக்கி வைத்தோம் என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்கிற மேசை." தாளைப் புரட்டினார். "ஒன்பது பேர். ஒன்பது பேரும் தொண்ணூத்துக்கு மேல."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரித்தாள். இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகவில்லை.

"நான் நம்பலைம்மா, ஒத்துக்கறேன்" என்றார் தலைமையாசிரியை. "இந்த இரைச்சல்லயே இவ்வளவு மார்க்குன்னா, அமைதி கிடைச்சா இதுங்க எங்கேயோ போயிடும். சொன்னபடி செய்யறேன். வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து இடி சாருக்கு..." கனைத்துக்கொண்டார். "'பி' பிரிவுக்கு மூணாவது மாடி."

இரண்டு மேசைகள் கை தட்டின. மூன்றாவது மேசை தட்டவில்லை.

அங்கிருந்து குண்டூசி எழுந்தாள். ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பெயர், மார்க் தொண்ணூற்றெட்டு.

"மேடம், சார் அங்க நடத்தினா இங்க கேக்குமா?"

"ஒரு துளி கேக்காது!" தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் பெருமை. "இனிமே உங்களுக்கு நிம்மதி."

ஒன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் ஆசையாக அவர்கள் பக்கம் திரும்பினாள். குண்டூசி மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப எங்க மேசையையும் மாடிக்கு ஏத்திடுங்க மேடம்."